ரோலருக்குப் போட்ட மார்க்

நாய்க்கு லாக் ஷீட் போட்ட ஆள் இந்த நெய்வேலியிலேயே ஃபோர்மேன் வேலுமணி ஒருவர்தான். சும்மா சொல்லக் கூடாது, ஷீட் என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்த கையோடு உட்கார்ந்தவர், ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, இடது பக்கம் தேதி, மேலே ஐந்து கட்டம், அப்புறம் மொத்தம், கடைசியில் கையெழுத்து என்று எழுதி முடிக்க ஒன்பது மணி ஆகிவிட்டது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அவர் பதினேழு வருஷமாக எழுதிவருகிற அதே ஷீட்தான். பெல்ட் எத்தனை மணி ஓடியது, எத்தனை மணி நின்றது, ஏன் நின்றது என்று எழுதும் இடங்களில் சாப்பாடு, தண்ணீர், வால், குரைப்பு, வரவேற்பு என்று போட்டிருந்தார்.

"கையெழுத்து எதுக்குங்க? நாயா வந்து போடப் போகுது?" என்று கேட்டாள் தமயந்தி.

"நான் போடறது. பொறுப்புன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

தமயந்தி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர். மார்க் போடுவது தன் தொழில், அதை இந்த மனுஷன் பிடுங்கிக்கொண்டாரே என்று அவளுக்கு உள்ளூர ஒரு கடுப்பு. ஆனால் அன்றைக்குச் சண்டை போடுகிற மனசில்லை. பின்பக்கக் குழாயடியில், அடுப்பில் சுரங்கத்து லெகோ கரி எரித்துக் கொட்டிய சாம்பல் மேட்டில், ரோலர் சுருண்டு படுத்திருந்தது. கதகதப்பாக இருக்கும் என்று அதுவாகவே கண்டுபிடித்த இடம் அது. வெள்ளை நாயாக வந்தது, இப்போது சாம்பல் நிறத்தில்தான் ஊரே அதை அறியும்.

விஷயம் இதுதான். பதினோரு வயசு ரோலருக்கு வயிற்றில் கட்டி. முந்தின நாள் மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் சக்கரபாணி அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் அவர் கை படாத மாடு கிடையாது. நாய் என்றால் கொஞ்சம் தயங்குவார், ஆனால் பொய் சொல்ல மாட்டார்.

"கத்தி வெச்சா மேசையிலேயே போயிடும் சார். வலிக்கு மாத்திரை தரேன். மத்தபடி குணமாகற கேஸ் இல்ல."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நாளை விடுங்க. இருக்கற நாள் எப்படி இருக்குங்கறதுதான் விஷயம். அதுக்குப் பிடிச்ச காரியமா ஒரு அஞ்சு எழுதி வெச்சுக்குங்க. தினமும் பண்ணுதான்னு பாருங்க. நல்ல நாள் ஜாஸ்தின்னா அதை அது போக்குல விடுங்க. கெட்ட நாள் ஜாஸ்தின்னா பாவம், எதுக்கு அவஸ்தை? நான் வீட்டுக்கே வந்து ஒரு ஊசி போடறேன், தூங்கற மாதிரி போயிடும். இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வருவேன், அன்னைக்கு முடிவு சொல்லுங்க."

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் மனசுக்குள் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். டாக்டர் சொன்னது ஃபோர்மேனிடம். காரியத்துக்கு ஒரு மார்க், மூன்று மார்க் வந்தால் அன்றைக்கு பாஸ், அதற்குக் கீழே ஃபெயில் என்று திங்கட்கிழமையே ஷீட் அமலுக்கு வந்துவிட்டது.

ரோலர் இந்த வீட்டுக்கு வந்ததே சுரங்கத்திலிருந்துதான். பெல்ட்டைத் தாங்குகிற உருளைகள் பழுதானால் கழற்றிக் குவித்துப் போடுவார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு நாள் குட்டி கத்தியது. வேலுமணி அதை டிஃபன் கேரியர் பைக்குள் போட்டுக்கொண்டு ஷிஃப்ட் பஸ்ஸில் வந்து இறங்கினார். தான் வந்த வாகனம் என்பதாலோ என்னவோ, அந்தப் பையின் மேல் ரோலருக்குத் தனி உரிமை. பத்து வருஷமாக அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையை அவர் கையிலிருந்து பிடுங்கி, வாயில் கவ்விக்கொண்டு முன்னால் நடக்கும். பின்னால் கைவீசிக்கொண்டு வருவார் வேலுமணி.

அதுவும் ஒரே நேரத்து பஸ்ஸா? ஏ ஷிஃப்ட் என்றால் மதியம் இரண்டரைக்கு வரும். பி என்றால் ராத்திரி பத்தரை, சி என்றால் காலை ஆறரை. வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். தமயந்தியே சில வாரம் குழம்பிப்போய் மதியச் சாப்பாட்டை ராத்திரிக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரோலருக்கு மட்டும் ஒரு நாளும் தப்பியதில்லை. பஸ் திரும்பும்போது முக்கு வேப்பமரத்தடியில் தயாராக நிற்கும். இறங்குகிறவர்களின் கால்சட்டையை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து அனுப்பும். வருகை பதிகிற டைம் ஆபீஸில் சொல்லி அதற்கு ஒரு கார்டு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று பஸ்ஸே கேலி பண்ணும்.

அப்புறம் ஆறு வாரத்துக்கு முன்னால் வேலுமணிக்குப் புரொமோஷன் வந்தது. ஜெனரல் ஷிஃப்ட். காலை எட்டுக்குப் போனால் மாலை ஐந்துக்கு முடிந்தது, ராத்திரி வேலை கிடையாது. ஊரே காலில் விழுந்து கேட்கிற ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு பஸ் வசதிப்படவில்லை. அதுவரை கடைகண்ணிக்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்த மொபெட்டிலேயே போய்வர ஆரம்பித்தார். ரோலர் சோர்ந்து படுக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான்.

மார்க் போடுவது சுலபம் என்று நினைத்தவர்கள் அந்த வீட்டில் ஒரு மாலை இருந்திருக்க வேண்டும். பால் சோற்றை ரோலர் திரும்பிப் பார்க்கவில்லை, தமயந்தி வாங்கி வந்த போண்டாவை மட்டும் ஒரே வாயில் விழுங்கியது. இது சாப்பாட்டில் சேர்த்தியா, இல்லையா?

"போண்டா பலகாரம். சாப்பாட்டுக் கட்டத்துல வராது" என்றார் வேலுமணி.

"ஏனுங்க, நீங்க மட்டும் கேன்டீன்ல போண்டாவைத் தின்னுட்டு வந்து மத்தியானம் சாப்பிட்டாச்சுன்னு சொல்றதில்லையா?"

சாப்பாட்டுக் கட்டத்தில் ஒரு மார்க் விழுந்தது. எதிர் வீட்டுப் பூனையைப் பார்த்து உறுமியது குரைப்பா என்று இன்னொரு நாள் தகராறு. வாலை முழுசாக ஆட்டாமல் நுனியை மட்டும் ஆட்டியதற்கு அரை மார்க்காவது போடுங்கள் என்று தமயந்தி மன்றாடினாள்.

"எங்க ஸ்கூல்ல ஒரு மார்க்குல போற பையனுக்கு கிரேஸ் மார்க் போட்டுத் தள்ளி விடுவோமுங்க. இதுக்குப் போடக் கூடாதா?"

"பெல்ட்டுக்கு கிரேஸ் மார்க் போட முடியுமா? ஓடுனா ஓடுச்சு, நின்னா நின்னுச்சு. பொய்யா எழுதி வெச்சா அவஸ்தைப்படறது நம்மளா, அதுவா?"

சொன்னது நியாயம்தான். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஐந்தாவது கட்டத்தில்தான் வந்தது வினை. வரவேற்பு என்ற அந்தக் கட்டத்தை வேலுமணியே ஆசைப்பட்டுப் போட்டிருந்தார். மற்ற எதில் தவறினாலும் இதில் ரோலர் தவறாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மாலை ஐந்தேகாலுக்கு மொபெட்டை நிறுத்திவிட்டு கேட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் வேண்டுமென்றே நிற்பார். இருமுவார். கேட்டைத் திறந்து மூடிச் சத்தம் பண்ணுவார். சாம்பல் மேட்டில் ஒரு கண் திறக்கும், பார்க்கும், மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். முதல் நாள் சைபர். இரண்டாம் நாள் சைபர். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே கடைக்குப் போய்வந்து பார்த்தார், அன்றைக்கும் சைபர். பன்னிரண்டு நாளும் சைபர்.

வெளியே சொல்லவில்லையே தவிர, மனுஷன் உள்ளுக்குள் நொறுங்கிப்போனார். சோறு இறங்காதது வியாதி. எழுந்திருக்க முடியாதது வியாதி. என்னைக் கண்டு ஒரு ஆசை கூடவா இல்லாமல் போகும்? உயிர் வேண்டாமென்று அதுவே முடிவு பண்ணிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை இரவு கூட்டிப் பார்த்தால் நாலு நாள் பாஸ், எட்டு நாள் ஃபெயில். எட்டிலும் மொத்தம் இரண்டு, இரண்டு என்றே நின்றது.

"ஞாயித்துக்கிழமை டாக்டரை வரச் சொல்லிடலாம்" என்றார்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாமுங்க."

"யாருக்காகப் பாக்கறது? நமக்காகவா?"

தமயந்தி எழுந்து போய் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி. சுரங்கத்து ரிப்பேர் ஷெட்டில் வேலுமணி ஒரு கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய கேங்கில் இருக்கும் தங்கராசு வந்து பக்கத்தில் குந்தினான். பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரன், கான்ட்ராக்ட்டில் சேர்ந்து பர்மனென்ட் ஆனவன். குவார்ட்டர்ஸில் வேலுமணிக்கு அடுத்த வீடு. பத்து வருஷமாக இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்.

"என்னாண்ணே, நாளைக்கு ரோலருக்கு ஊசியாமே? அண்ணி சொன்னாங்க. என்னா அவசரம்ங்க? நல்லாத்தான நடமாடிகினு இருக்குது?"

"எங்கய்யா நடமாடுது? படுத்த எடத்தை விட்டு எந்திரிக்கறதே இல்ல."

"யாரு, ரோலரா? அட போங்கண்ணே! நேத்து ரெண்டரைக்குக்கூட முக்குல உக்காந்துகினு இருந்துச்சு. எறங்கற ஆளையெல்லாம் மோந்து பாத்துச்சு. பஸ்ஸு கெளம்பற வரைக்கும் படிக்கட்டையே பாத்துகினு இருந்துட்டு, அப்பறந்தான் வூட்டுக்குப் போச்சு."

வேலுமணி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நேத்தா?"

"நேத்து, முந்தாநேத்து, தெனமுந்தான். போன வாரம் நமக்கு சி ஷிஃப்டா? காத்தால ஆறரைக்கு வந்துச்சு. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சிகினு இருக்கேன்."

"ஷிஃப்ட் மாறுனது அதுக்கு எப்படிய்யா தெரியும்?"

"நான் வாசல்ல பூட்ஸ் மாட்டறப்ப வேலி வழியா எட்டிப் பாக்கும்ங்க. நான் பஸ்ஸுக்குப் போனா நீங்களும் போனாப்பலதான அதுக்கு? நான் வர்ற பஸ்ஸுலதான நீங்களும் வருவீங்க?"

"நான்தான் தினமும் மொபெட்டுல அது கண்ணு முன்னால போறனே!"

"மொபெட்டுல போனா கடைக்குப் போறீங்கன்னு நெனச்சிருக்கும். கடைக்குப் போய்ட்டு வர்ற ஆளுக்கு யாராச்சும் எழுந்து நிப்பாங்களாண்ணே?" என்று சிரித்தான் தங்கராசு.

வேலுமணிக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைப் பையிலிருந்த ஷீட்டை எடுத்து விரித்தார். ஐந்தாவது கட்டத்தில் வரிசையாகப் பன்னிரண்டு சைபர், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாகத் தன் கையெழுத்து. போன வாரம் காலையில் அது கேட்டைத் தாண்டிப் போவதை அவரே பார்த்திருக்கிறார். ஒதுங்கப் போகிறது என்று நினைத்துவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த வாரம் இரண்டரை மணிக்கு அவர் சுரங்கத்தில், தமயந்தி பள்ளிக்கூடத்தில். மிச்சமிருந்த தெம்பையெல்லாம் முக்குவரைக்கும் போய்வருவதில் செலவழித்துவிட்டு, வராத ஆளுக்காகக் காத்திருந்த அலுப்பில் படுத்திருந்த நாய்க்கு, எழுந்து வரவில்லை என்று ஃபெயில் போட்டிருக்கிறார். ஷிஃப்ட் மாறிய சேதி சம்பளப் பிரிவுக்குப் போனது, டைம் ஆபீஸுக்குப் போனது, நோட்டீஸ் போர்டில் கூட ஒட்டினார்கள். ரோலருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அடப்பாவி வேலுமணி, என்ன காரியம் பண்ண இருந்தாய் என்று வாய்விட்டே சொன்னார்.

இன்ஜினியர் ஜெயராமனிடம் அரை நாள் பெர்மிஷன் கேட்டார். மொபெட்டை ஸ்டாண்டிலேயே விட்டார். டிஃபன் கேரியர் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு ஏ ஷிஃப்ட் பஸ்ஸில் போய் ஏறினார். விஷயம் அதற்குள் பஸ் முழுக்கப் பரவிவிட்டது.

"கடைசியா எறங்குங்கண்ணே. அதுதான ஒங்க வழக்கம்?" என்றான் தங்கராசு.

பஸ் முக்கில் திரும்பியது. வேப்பமரத்தடியில் ரோலர் உட்கார்ந்திருந்தது. பஸ்ஸைக் கண்டதும் முன்கால்களை ஊன்றி, பின்பக்கத்தைக் கஷ்டப்பட்டுத் தூக்கி நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்று காலைக் காட்டிவிட்டுப் போனார்கள். தங்கராசுவையும் மோந்து பார்த்தது. அதற்கப்புறம் படிக்கட்டில் வேலுமணியின் பூட்ஸ் தெரிந்தது.

குரைக்கும் என்று எதிர்பார்த்தார். குரைக்கவில்லை. இரண்டு எட்டில் கிட்டே வந்து, அவர் முழங்காலில் தலையை முட்டி அப்படியே நின்றது. அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. இத்தனை வாரமாக எங்கேய்யா போயிருந்தாய் என்று அதைவிடத் தெளிவாக யாரும் கேட்டுவிட முடியாது. வேலுமணி நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். டிரைவர் குழந்தைவேல் மட்டும் மூக்கைச் சிந்தினார்.

ரோலருக்கு அழுகை பார்க்க நேரமில்லை. பையைக் கவ்வியது. நாலு வீடு தாண்டும் தூரம்தான். அதற்குள் மூன்று தடவை பையை வைத்துவிட்டு உட்கார்ந்தது. அது உட்கார்ந்தபோதெல்லாம் வேலுமணியும் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தார். பையை வாங்கிக்கொள்ளலாமென்று ஒரு தடவை கை நீட்டினார். உறுமல் வந்தது. குரைப்புக் கட்டத்துக்கு இது ஆகும் என்று மனசில் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை லீவில், அப்போதுதான் வாசலுக்கு வந்து பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்த தமயந்தி, ஊர்வலம் வருவதைப் பார்த்து எழுந்தாள். பின்பக்கம் படுத்திருக்கிறது என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்! விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் சிவப்புப் பென்சிலை நீட்டினாள்.

"கொண்டாங்க அந்த ஷீட்டை. பேப்பர் திருத்தத் தெரியாத வாத்தியார்கிட்டக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

பன்னிரண்டு சைபரும் ஒன்றானது. எட்டு ஃபெயிலும் பாஸானது. மறுநாள் ஊசிப் பையோடு வந்த சக்கரபாணி ஷீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பையைத் திறக்காமலே காப்பி குடித்தார். போகும்போது கேட்டருகில் வேலுமணியின் தோளைத் தொட்டார்.

"கட்டி அப்படியேதான் இருக்கு சார், அதை மறக்காதீங்க. அது முக்குக்குப் போக முடியாத நாள் வரும். அன்னைக்கு ஆள் அனுப்புங்க."

திங்கட்கிழமை வேலுமணி ஜெயராமனிடம் போய் நின்றார். பழைய கேங்கின் ஃபோர்மேன் மகள் கல்யாணத்துக்காக ஒரு மாசம் லீவு கேட்டிருந்தார், மாற்றாள் கிடைக்கவில்லை. நான் போகிறேன் என்றார் வேலுமணி. ஜெனரல் ஷிஃப்டை விட்டுவிட்டு ராத்திரி ஷிஃப்ட் கேட்கிற ஆளை ஜெயராமன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"உடம்பு நல்லாத்தான இருக்கு, வேலுமணி?"

"எனக்கு நல்லாத்தான் இருக்குங்க சார். வீட்டுல ஒருத்தர் நான் பஸ்ஸுல வரணும்னு எதிர்பார்க்கறாங்க."

ஜெயராமன் ஷிஃப்ட் லிஸ்ட்டில் பெயரை மாற்றி எழுதினார். அதற்கப்புறம் பதினேழு நாள் ரோலர் வேலை பார்த்தது. பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட், மறுபடி ஏ. மழை பெய்த அன்று பஸ் நிழற்குடையில் நின்றது. நடை நாளுக்கு நாள் குறைந்தது. நாலு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. ஆனால் வாலைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தது. தமயந்தி தினம் போண்டா வாங்கினாள். ஷீட்டில் ஃபெயிலே விழவில்லை.

பதினெட்டாம் நாள், மதியம் இரண்டரை. பஸ் முக்கில் திரும்பியபோது வேப்பமரத்தடி காலியாக இருந்தது. நிறுத்தத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வேலுமணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்கண்ணே" என்று தங்கராசு அவர் கையைப் பிடித்து அமர்த்தினான். "குழந்தைவேலண்ணே, உள்ள வுடுங்க."

ஷிஃப்ட் பஸ் தெருவுக்குள் போவது கிடையாது. குழந்தைவேல் ஸ்டியரிங்கை ஒடித்தார். முருங்கைக் கிளைகள் கூரையில் உரச, அவ்வளவு பெரிய பஸ் நாலு வீடு தாண்டிப் போய் வேலுமணி வீட்டு வாசலில் நின்றது. கேட்டுக்கு உள்ளே, தலையைத் தெருப் பக்கம் வைத்து ரோலர் படுத்திருந்தது. அதுவரைதான் வர முடிந்திருக்கிறது. பக்கத்தில், அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட தமயந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். கேட்டுக்குள் வந்து, குனிந்து, அதன் மூக்கருகே ஒரு நொடி நின்றுவிட்டுப் போனார்கள். முப்பது பேர். மூக்கு ஒவ்வொருவருக்கும் அசைந்தது. குழந்தைவேல் கூட இஞ்சினை அணைத்துவிட்டு வந்து காலைக் காட்டினார். கடைசியில் வேலுமணி வந்து பையை அதன் வாயருகே வைத்தார். ரோலர் பையின் கைப்பிடியைப் பல்லால் பற்றிக்கொண்டது. வால் ஒரு முறை தரையைத் தட்டியது, பிறகு இன்னொரு முறை.

தங்கராசு டாக்டரைக் கூட்டிவர சைக்கிளில் கிளம்பினான். சக்கரபாணி வந்து ஊசி போட்டபோதும் அது பையை விடவில்லை. தலை வேலுமணியின் மடியில் இருந்தது. டாக்டர் சொன்னபடியே, தூங்குகிற மாதிரிதான் போனது.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்த தமயந்தி, வேலுமணி ஷீட்டை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருப்பதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சாப்பாடு சைபர். தண்ணீர் சைபர். வால் ஒன்று. குரைப்பு சைபர். ஐந்தாவது கட்டம் வரவேற்பு. அதில் இரண்டு என்று எழுதினார். மொத்தம் மூன்று என்று போட்டார்.

"ஒரு காரியத்துக்கு ஒரு மார்க்குதானுங்களே?"

"ஆமா."

"அப்ப இது?"

வேலுமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"கிரேஸ் மார்க்" என்றார்.